சிவப்புப் பசை

மறுநாள் மீன்பிடித் தடைக்காலம் முடிகிறது. இரண்டு மாதமாகக் கட்டிக்கிடந்த விசைப்படகுகள் அத்தனையும் ஒரே நாளில் ஐஸ் கேட்டால் எந்த மெஷின்தான் தாங்கும்? காரைக்கால் துறைமுகத்தில் வைத்தியலிங்கத்தின் ஐஸ் கம்பெனி வாசலில் விடிந்ததிலிருந்து மினி வண்டிகள் வரிசை கட்டி ஹார்ன் அடித்துக்கொண்டிருந்தன. பதினோரு மணிக்கு, ஐஸ் உடைக்கும் மெஷினுக்குள் சார்லஸின் வலது கை போய்விட்டது.

போன் வந்தபோது மெக்கானிக் சிலுவைராஜ் திருமலைராயன்பட்டினத்தில் ஒரு படகின் இஞ்சினுக்கு அடியில் மல்லாந்து கிடந்தான். "உன் மச்சினன் கை மெஷின்ல மாட்டிக்கிச்சுய்யா, ஓடியா!" என்று வைத்தியலிங்கம் அலறினார். சிலுவைராஜ் சாமான் பையைத் தூக்கி பைக்கில் போட்டுக்கொண்டு பறந்தான். சார்லஸ் அவன் பெண்டாட்டி சலோமியின் ஒரே தம்பி. தாயும் தகப்பனும் போன பிறகு அவள்தான் அவனைத் தூக்கி வளர்த்தாள். அந்தக் கம்பெனியில் சொல்லி வேலை வாங்கிக் கொடுத்தவன் சிலுவைராஜ்.

மெஷின் வெளி மேடையில் இருந்தது. மேலே தகரத் தொட்டி, அதற்குள் பல் வைத்த இரண்டு இரும்பு உருளைகள். ஐஸ் பாளத்தை மேலே போட்டால் கீழே தூளாக விழும். அடைத்துக்கொண்டால் கட்டையால் தள்ள வேண்டும். அன்றைக்குக் கட்டை உடைந்துபோயிற்று. வண்டிக்காரர்கள் போட்ட கூச்சலில் பயல் கையாலேயே தள்ளியிருக்கிறான். யாரோ ஓடிப்போய் சுவிட்சை அணைத்ததால் மணிக்கட்டோடு நின்றது.

சார்லஸ் தொட்டிமேல் கவிழ்ந்து கிடந்தான். முகத்தில் சொட்டு ரத்தமில்லை. சிலுவைராஜைப் பார்த்ததும், "வந்துட்டீங்களா மச்சான்" என்றான். "இனிமே பயமில்ல. நீங்க கழட்டிருவீங்க."

சிலுவைராஜ் குனிந்து உருளையைப் பார்த்தான். உருளையைத் திருப்பி ஓட்டினால் மிச்சமிருக்கும் கையும் கந்தலாகிவிடும். ஒரு பக்கத்துப் பேரிங்கைப் பிடித்திருக்கும் நாலு போல்ட்டையும் கழற்றி உருளையை விலக்க வேண்டும், வேறு வழியில்லை. தலையில் ஆறுமூலைக் குழி வைத்து, இரும்புக்குள் பதிந்த ஆலன் போல்ட்டு. அறுக்கவும் இடமில்லை. மற்றபடி பத்து நிமிஷ வேலைதான். ஆனால் அந்த மரையில் என்ன இருக்கிறது என்பது அவன் ஒருவனுக்குத்தான் தெரியும்.

போன சீசன் முழுக்க அந்த நாலும் அதிர்ந்து அதிர்ந்து தளர்ந்தன. ஒரு போல்ட்டு கழன்று ஐஸோடு போய், ஏற்றுமதிக்காரன் மீன் பெட்டியில் கிடைத்து, லோடே திரும்பி வந்தது. வைத்தியலிங்கம் வாய்க்கு வந்தபடி ஏசினார். அதன்பிறகு சின்னச் சத்தம் கேட்டாலும் சிலுவைராஜுக்குத்தான் போன். சோற்றில் கைவைத்தால் போன், கோயிலில் முட்டி போட்டால் போன். தடைக்காலத்தில் மெஷினைப் பிரித்து மாட்டியபோது புது போல்ட்டு போட்டு, தளராமல் பிடிக்கிற பசையை மரையில் விட்டான். அதில் நீலம் உண்டு, சிவப்பு உண்டு. பிறகு கழற்ற வேண்டிய இடத்துக்கு நீலம். ஜென்மத்துக்கும் கழற்ற வேண்டாத இடத்துக்குச் சிவப்பு. அது நெருப்பு வைத்தாலொழிய விடாது. தொழில் தெரிந்த எவனுக்கும் இது தெரியும், அவனுக்கும் தெரியும். இரண்டு பாட்டிலும் பையில் இருந்தன. சிவப்பை எடுத்தான். இனி ஒரு பயல் இதுக்காக என்னைக் கூப்பிடக் கூடாது என்கிற கடுப்பு. அவ்வளவுதான் ஐயா காரணம்!

ஆலன் சாவியில் பைப்பைச் செருகி, ஐஸுக்குக் காத்திருந்த படகு டிரைவர் காஜா நஜ்முதீனையும் சேர்த்துக்கொண்டு தொங்கினான். முதல் போல்ட்டு அசையவில்லை. இரண்டாவதும் மூன்றாவதும் அப்படியே. நாலாவதில் சாவி வழுக்கி, குழியே மழுங்கிப்போனது.

"என்ன சிலுவை, துருவா?" என்று கேட்டார் காஜா.

"ஆமாங்க பாய், துரு."

போட்டு ஒரு மாதம் ஆகாத புது போல்ட்டு. துருவாம்!

ஆம்புலன்ஸில் வந்த நர்ஸ் சிவப்ரியா கையை மேலே இறுக்கிக் கட்டி ஊசி போட்டாள். போனில் டாக்டரிடம் பேசிவிட்டு, "பன்னண்டேகாலுக்குள்ள ஆஸ்பத்திரிக்கு வந்துட்டா கையைக் காப்பாத்தப் பார்க்கலாங்கிறாரு. அதுக்கு மேல போனா கஷ்டமாம். எவ்ளோ நேரம் ஆவும்ணே?" என்றாள். மணி அப்போது பதினொன்று நாற்பது.

சிலுவைராஜ் பையிலிருந்து கேஸ் டார்ச்சை எடுத்தான்.

"உங்களுக்கென்ன பைத்தியமா? கை உள்ள இருக்கு!"

"தெரியும்மா. வேற வழியில்ல."

ஈரச் சாக்கில் ஐஸ் தூளை அள்ளிக் கையைச் சுற்றித் திணித்தார்கள். சிலுவைராஜ் போல்ட்டில் நெருப்பைப் பிடித்தான். ஐஸ் உருகித் தண்ணீர் வழிந்து போல்ட்டின் மேலேயே விழுந்தது. புஸ் புஸ்ஸென்று ஆவி கிளம்பியதே தவிர இரும்பு சூடேறவில்லை. விடிகாலையிலிருந்து ஐஸைத் தின்ற இரும்பு அது. பத்து நிமிஷம் பிடித்தும் பச்சைத் தண்ணீர் சூடுகூட இல்லை. "அடப்பாவி, அடப்பாவி" என்று வாய்க்குள் தன்னையே திட்டிக்கொண்டான்.

டார்ச்சைத் தாழ்த்திவிட்டு நிமிர்ந்தான். "மாப்ள, இந்தப் பக்கத்து ஐஸை எடுக்கணும். சுடும்டா."

"எடுங்க மச்சான்."

எடுத்தான். சற்று நேரம் சார்லஸ் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தான். பிறகு கத்தினான். அந்தக் கத்தலைக் கேட்க மாட்டாமல் வைத்தியலிங்கம் காதைப் பொத்திக்கொண்டு ஆபீஸுக்குள் போய்விட்டார். சிலுவைராஜ் எங்கே போவான்? பசை கருகும் நாற்றம் மூக்கில் ஏறும்வரை பிடித்தான். சூடு ஆறினால் மறுபடி பிடித்துக்கொள்ளும் என்பதால் உடனே சாவியைப் போட்டு மிதித்தான். படக்கென்று ஒன்று விட்டது. ஒவ்வொன்றுக்கும் பத்துப் பன்னிரண்டு நிமிஷம். இடையிடையே ஐஸை வைத்து, எடுத்து, வைத்து. மழுங்கிப்போன நாலாவதில் ஒரு சைஸ் பெரிய சாவியைச் சுத்தியலால் அடித்து இறக்கினான். தன் விரல் வெந்ததை அவன் கவனிக்கவேயில்லை. உருளை விலகிக் கை வெளியே வந்தபோது மணி பன்னிரண்டே முக்கால்.

ஆஸ்பத்திரியில் மணிக்கட்டோடு எடுத்துவிட்டார்கள்.

"அரை மணி முன்னாடி வந்திருந்தா எதாவது செஞ்சிருக்கலாம்மா" என்று டாக்டர் சலோமியிடம் சொன்னார். அவள் சுவரில் முட்டிக்கொண்டு அழுதாள். அழுது முடித்து, புருஷனின் கொப்புளம் கண்ட விரல்களைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "நீங்க இல்லன்னா எந்தம்பி செத்தே போயிருப்பான்." பார்க்க வந்தவர்களிடமெல்லாம் அதையே சொன்னாள். காஜாவும் சொன்னார், வைத்தியலிங்கமும் சொன்னார். துறைமுகம் முழுக்க அதே பேச்சு. பாராட்டு ஒவ்வொன்றும் சிலுவைராஜுக்குச் செருப்படியாக விழுந்தது.

நாலாம் நாள், சலோமி கஞ்சி வாங்கப் போன நேரத்தில் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிவிட்டான். "துரு இல்ல மாப்ள. நான்தான் சிவப்பு போட்டேன். சும்மா சும்மா கூப்பிடுறானுவோன்னு கடுப்புல போட்டேன்."

சார்லஸ் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அதே மெஷினில் மூன்று வருஷம் நின்றவன், பசை விவரம் அவனுக்கும் தெரியும். "நீலம் கையில இல்லையா?" என்றான்.

இல்லை என்று சொல்லியிருக்கலாம். அந்த ஒரு வார்த்தையில் பாதிப் பாரம் இறங்கியிருக்கும். சிலுவைராஜுக்குப் பொய் சொல்ல நாக்கு வரவில்லை.

"இருந்துச்சு" என்றான்.

வராந்தாவில் சலோமியின் செருப்புச் சத்தம் கேட்டது.

"அக்காகிட்ட சொல்லிடாதீங்க" என்றான் சார்லஸ். "அவ ஒங்களோட காலந்தள்ளணும்."

சலோமி கஞ்சியை டம்ளரில் ஊற்றி, கரண்டியைப் புருஷன் கையில் கொடுத்தாள். "இந்தாங்க, நீங்க ஊட்டுங்க. உங்க கையால குடுத்தா அவன் குடிப்பான்."

சார்லஸ் வாயைத் திறந்தான். ஒரு வாய், இரண்டு வாய், மூன்று வாய் வாங்கிக்கொண்டான். சலோமி பார்த்துச் சிரித்துவிட்டு, மாத்திரைச் சீட்டை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். சிலுவைராஜ் நாலாவது கரண்டியை நீட்டினான். சார்லஸ் வாயை இறுக மூடிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தான்.