மடிப்பு வீட்டு ஈரம்

அந்தக் கோடையில் தெருத் தார் உருகிச் செருப்பில் ஒட்டியது, ஐஸ் விலை இரண்டு தடவை ஏறியது, சலவைக்கடைக்காரர் வீட்டுக் குழந்தையின் துணி நாப்கின்கள் மட்டும் காயவில்லை. பிழிந்து போட்ட ஈரம் போட்டபடியே இருந்தது. கடைக்கு மேல்மாடியில், கொடி கட்டியிருந்த படுக்கையறையில் மின்விசிறி முழு வேகத்தில் சுற்றியது, ஜன்னல் வழியே அனல் அடித்தது, அதே கொடியில் கிடந்த அவருடைய பனியன் சற்று நேரத்தில் விறைத்தே போனது. குழந்தையின் துணிகள் மட்டும் சொட்டுச் சொட்டாக வடிந்துகொண்டிருந்தன.

தெருவில் அவருக்கு மடிப்பு என்று பெயர். சட்டைக் கையில் காலையில் விழுந்த மடிப்பு, கடை சாத்தும்வரை கலையாத மனிதர். ஊரார் அழுக்கையெல்லாம் வெளுத்துக் கொடுப்பவர் சொந்தக் குழந்தையின் துணியைத் துவைக்க ஏன் கூச வேண்டும் என்று கேட்கலாம். கேட்பது சுலபம். கடையில் துவைத்தது இயந்திரம். அவர் கல்லாவில் நின்று சிரித்ததோடு சரி. மனைவி ரத்தப் பரிசோதனைக் கூடத்து வேலைக்குத் திரும்பியபோது குழந்தை குப்புற விழப் பழகியிருந்தது. விடிவதற்குள் அவள் பஸ் ஏறிவிடுவாள். கடைகளில் விற்கும் நாப்கின் குழந்தையின் தோலுக்கு ஒத்துக்கொள்ளவில்லை, ஆகவே துணி. துணியென்றால் துவைக்க ஆள் வேண்டும், வீட்டில் இருந்த ஆள் அவர்தான். கடை இயந்திரத்தில் போட்டால் வாடிக்கையாளர் மூக்கு சும்மா இருக்காது. எனவே குளியலறைக் கதவைத் தாழிட்டு, கசக்கும் சத்தம் வெளியே போகாமலிருக்கக் குழாயைத் திறந்துவிட்டுத் துவைத்தார். மொட்டைமாடியில் நல்ல வெயிலும் நல்ல கொடியும் இருக்க, படுக்கையறையில் புதுக்கொடி கட்டினார். எதிர்வரிசைத் தையற்கார அம்மா ஒருநாள், "வீட்டுக்காரம்மாவும் வேலைக்குப் போறாங்க, பீத்துணியெல்லாம் யாருண்ணே துவைக்கிறா?" என்று கேட்டார். "அவதான். விடியறதுக்குள்ள துவைச்சுப் போட்டுட்டுத்தான் கிளம்புவா" என்று மடிப்பின் வாய் தானாகச் சொல்லிவிட்டது. பெரிய கெட்டிக்காரிதான் என்று அந்த அம்மா மெச்சினார். துணிகள் காயாமல் போனது அன்றிலிருந்துதான்.

தொழில் தெரிந்தவர் தொழிலைக் காட்டினார். இஸ்திரிப் பெட்டியை வைத்து அழுத்தினார். ஆவி குபுகுபுவென்று எழுந்து, கூரையைத் தொட்டு, திரும்பி வந்து அதே துணியில் இறங்கியது. கடை சாத்திய பிறகு உலர்த்தும் இயந்திரத்தில் திருட்டுத்தனமாகப் போட்டார். சூடாகவும் ஈரமாகவும் வெளியே வந்தன. ஈரம் நாற்றமெடுத்தது. நாற்றத்துக்குத்தான் அவரிடம் மருந்து இருந்ததே, கோட்டுக்கும் படுக்கை விரிப்புக்கும் கடைசி அலசலில் ஊற்றும் வாசனைத் திரவம். ஒரு மூடி போதுமென்ற இடத்தில் கை தாராளமாக ஊற்றியது. துணி கமகமவென்று மணத்தது. ஆனால் இழையெல்லாம் பசை ஏறிவிட்டதால், குழந்தை நனைத்தது உள்ளே இறங்காமல் தாமரை இலைத் தண்ணீராக உருண்டு தொடையிலேயே நின்றது. வாரம் முடிவதற்குள் தொடையிடுக்கு சிவந்து தோல் உரிந்துவிட்டது. துணி மாற்றக் கையை நீட்டினாலே குழந்தை வீறிட்டது.

குழந்தை மருத்துவர் கதவைத் திறந்துவைத்தே பேசுகிறவர். "ஈரத்தோட கட்டிவிட்டிருக்கீங்க, அதுல சென்ட் வேற. என்னம்மா துவைக்கிறீங்க நீங்க? வேலைதான் முக்கியம்னா பிள்ளை எதுக்கு?" என்றார். வெளியே காத்திருந்த தாய்மார்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். மடிப்பு பக்கத்து நாற்காலியில், கலையாத சட்டையோடு, குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். துவைப்பது நான் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? மனைவி அவரை ஒரே ஒரு தரம் பார்த்தாள். பிறகு மருத்துவரிடம், "இனிமே சரியாப் பாத்துக்கறேன் சார்" என்றாள். அந்தப் பார்வையை நினைத்தால் பல வருடம் கழித்தும் அவருக்குக் காது மடல் சுடும்.

அன்று மாலை துணிகள் குடித்ததைவிட அதிகமாக வடிக்கத் தொடங்கின. தண்ணீர் படுக்கையறையில் தேங்கி, கீழே கடைக் கூரையில் கசிந்து, தேய்த்துத் தொங்கவிட்டிருந்த வக்கீலின் கறுப்புக் கோட்டில் சொட்டியது. குழாய் உடைந்துவிட்டது என்று வக்கீலிடம் சொன்னார். ஒரு பொய்க்குத் துணைக்கு இன்னொன்று. குழாய் வேலைக்காரர் வந்து சுவரைத் தட்டினார், சொட்டைத் தொட்டு முகர்ந்தார். "குழாய் கிண்ணுன்னு இருக்குங்க. இது சோப்புத் தண்ணி. மேல துவைக்கிறவங்களைக் கேளுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். மாடியில் மனைவி வாளி வைத்துக்கொண்டிருந்தாள். வாளி நிரம்பும் சத்தத்துக்கு நடுவே சொன்னாள்: "தையற்காரம்மா என்னைப் பாராட்டுனாங்க, விடியறதுக்குள்ள துவைச்சுடறேனாமே. இந்த மாசத்தோட வேலையை விட்டுடறேன். ஊரெல்லாம் நான்தான் துவைக்கிறேன்னு இருக்கும்போது, நானே துவைச்சுட்டுப் போறேன்." சத்தம் போட்டிருந்தால் அவரும் பதிலுக்குப் போட்டிருப்பார். அவள் சத்தம் போடவில்லை. அந்தப் பரிசோதனைக் கூடத்துக்காக அவள் எத்தனை பரீட்சை எழுதினாள் என்பது அவருக்குத் தெரியும்.

மறுநாள் தெரு நிறைந்திருக்கும் நேரத்தில் மடிப்பு ஒரு தொட்டியையும் முக்காலியையும் கடை வாசலில் கொண்டுவந்து போட்டார். கால்சட்டையை முழங்கால்வரை மடித்துவிட்டுக்கொண்டார். பச்சைத்தண்ணீரில் ஒருமுறை, வெந்நீரில் ஒருமுறை, பசை போகும்வரை, நுரை அடங்கும்வரை அலசினார். முகம் தொட்டியைவிட்டு எழவில்லை. கடைக்குக் குறுக்கே கட்டிய கொடியில் போட்ட துணிகள் வழக்கம்போல வடிந்தன. தையற்கார அம்மா தெருவைத் தாண்டி வந்தார். "என்னண்ணே இது, வீட்டுக்காரம்மாவுக்கு உடம்பு சரியில்லையா?" என்றார். ஆமாம் என்றால் தீர்ந்தது. அந்த அம்மாவே வழி காட்டிவிட்டார். மடிப்பு தொட்டியிலிருந்து முகத்தை நிமிர்த்தினார். "நல்லாத்தான் இருக்கா. துவைக்கிறது நான்தாம்மா, முதல்ல இருந்தே. உங்ககிட்ட சொன்னது பொய். பிள்ளைக்குப் புண்ணாக்கினதும் நான்தான்." கொடியில் துணிகள் அட்டைபோல விறைத்துப் படபடத்தன. தையற்கார அம்மா ஒன்றைத் தொட்டுப் பார்த்து, காஞ்சிடுச்சு, எடுத்துடுங்க என்றார்.

குழந்தையின் புண் ஆறியது, மனைவி வேலையை விடவில்லை, மடிப்பின் சட்டையில் அதற்குப் பிறகு மடிப்பு நிற்கவில்லை. பெயர் மட்டும் நின்றது. வக்கீலிடமும் உண்மையைச் சொன்னார், குழாய் வேலைக்காரரிடமும் சொன்னார். மருத்துவரிடம் மட்டும் சொல்லவில்லை. போக வேண்டும் போக வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தார். வாசல்வரை போய்த் திரும்பியதும் உண்டு. அதற்குள் மருத்துவர் வேறு ஊருக்கு மாறிப்போனார், எந்த ஊர் என்று யாருக்கும் தெரியவில்லை. கடைக் கூரையில் உள்ளங்கையளவு ஈரம் அப்படியே தங்கிவிட்டது. குழந்தை பள்ளிக்கூடம் போய், மீசை முளைத்து, வெளியூரில் வேலைக்குச் சேர்ந்த பிறகும் அது சொட்டியது. கீழே ஒரு குவளை இருக்கும், வாடிக்கையாளர்கள் அதைச் சுற்றி நடப்பார்கள். மாலையில் வேலை முடிந்து வரும் மனைவி மாடி ஏறுமுன், குவளை நகர்ந்திருந்தால், மேலே பார்க்காமலே காலால் அதைச் சொட்டுக்கு நேராகத் தள்ளி வைத்துவிட்டுப் போவாள்.