கிளடிஸ் அன்ரியின் பேஸ்மென்ட்

மோர்னிங்சைடில், ஓடைக்குப் பக்கத்தில் இருந்த கிளடிஸ் அன்ரியின் வீட்டுக்குக் காப்புறுதி எடுத்துக் கொடுக்க செல்வரட்ணம் ஒரு வருடமாக அலைந்தார். நிலத்துக்குக் கீழே இருந்த பேஸ்மென்டுக்குள் இரண்டு தரம் வெள்ளம் புகுந்த வீடு. காப்புறுதிப் புரோக்கரான அவர் தன் கந்தோரிலிருந்து கேட்ட கம்பனிகளெல்லாம் கையை விரித்துவிட்டன. அன்ரி வீட்டை விற்கவே முடிவெடுத்திருந்தார்.

அரசாங்கம் பின்னால் நிற்கும் புதிய வெள்ளக் காப்புறுதித் திட்டத்தில் இடம் கிடைத்ததும், போனில் சொல்ல மனம் வராமல் செல்வரட்ணம் நேரே போனார்.

"சேர்த்திட்டாங்கள் அன்ரி. வீட்டை விக்கத் தேவையில்லை."

"ஆர் தம்பி காசு குடுக்கிறது? கவண்மெந்தோ?"

"கவண்மெந்து பின்னுக்கு நிக்கும். நட்டம் வந்தால் வீட்டுக் காப்புறுதி விக்கிற கம்பனியள் எல்லாம் பங்கு போட்டுக் கட்டவேணும். பெரிய கம்பனிக்குப் பெரிய பங்கு."

"என்னை வேண்டாம் எண்டவங்களுமோ?"

"ஓம். அவையளும்தான்."

அன்ரி வாய்விட்டுச் சிரித்தார். பிறகு, "கீழ வந்து பாருமன்" என்றார்.

படியிறங்கியதும் அந்த ஈர மணம் செல்வரட்ணத்தின் மூக்கில் ஏறியது. அகதியாக இந்த நாட்டுக்கு வந்த புதிதில் இங்கேதான் ஆறு பொடியன்களோடு படுத்தெழும்பினார். ஒரு பங்குனி ஞாயிறு, பனி உருகி வெள்ளம் வந்தது. சோத்துப் பானை, சட்டி, குப்பை வாளி என்று கையில் அகப்பட்டதைக் கொண்டு எல்லாரும் அள்ளி ஊற்றினார்கள். அன்ரியின் புருசன் அன்புராசா மேலே ஆட்டுக்கறி காய்ச்சி எல்லாரையும் கூப்பிட்டார். நனைந்த மெத்தைகளுக்குப் பதில் புதிது வாங்கியபோது, இரண்டு வேலை செய்தவன் கூடுதலாகக் காசு போட்டான். வேலையில்லாமல் இருந்த நந்தனிடம் ஒருவரும் கேட்கவில்லை. நந்தனும் இப்போது இல்லை, அன்புராசாவும் இல்லை.

"கம்பனியள் தங்கட பங்கைப் பிறகு ஆரிட்டப் பிடுங்குவினம்?" அன்ரி கேட்டார்.

"எங்களிட்டத்தான். விட்பியில, மேட்டில இருக்கிற என்ர வீட்டுக் காப்புறுதி பில்லும் கொஞ்சம் ஏறும்."

"ஐயோ, அப்ப உமக்கெல்லோ நட்டம்!"

"ஏறட்டும் அன்ரி," என்றார் செல்வரட்ணம். "இதுக்கை படுத்தவன்தானே நான்."

அன்ரி மேலே போய் வீடு விற்கும் ஏஜென்டுக்குப் போன் போட்டு, இனி வரவேண்டாம் என்றார். செல்வரட்ணம் கந்தோருக்குத் திரும்பவில்லை. தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டு, அந்தப் பொடியன்கள் ஒவ்வொருவராக எங்கே போனார்கள், எப்படி இருக்கிறார்கள் என்று பொழுதுபடும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்.