டொக்டரின் கொப்பி

"மதினி, தோளப் புடிங்க. நான் இடுப்பால புரட்றன்" என்றான் ஹுமைத்.

ஸைனப் கணவனின் தோளைப் பிடித்துக்கொண்டாள். புஹாரியின் உடம்பு இடப்பக்கம் சாய்ந்ததும், கழுத்தடியிலிருந்து இடுப்புவரை போட்டிருந்த தையல் தெரிந்தது. முதுகைச் சுற்றிப் போட்டிருந்த மாக்கட்டை ஆஸ்பத்திரியிலேயே வெட்டி எடுத்துவிட்டார்கள். இருபது வருடமாகத் தரையைத் தவிர வேறெதையும் பார்க்கவிடாமல் அவரை மடக்கிப் போட்டிருந்த முதுகு, இன்று பலகையில் நேராகக் கிடந்தது. அல்லாஹ் கொடுத்த கோணலை மனுசன் நிமிர்த்தப் போகலாமா என்று கேட்ட வாய்களெல்லாம் முன்வாசலில் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தன.

தம்பி ஹுமைத் தண்ணீர் ஊற்ற, மனைவி தேய்த்துக் குளிப்பாட்டினாள். இடது கெண்டைக்கால் கொஞ்சம் தடித்திருந்தது. அதை அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. உசிர் போன மையத்து வீங்கத்தானே செய்யும்.

பதுளைக் கடைவீதியில் புஹாரியின் புடவைக் கடையைத் தெரியாதவர்கள் இல்லை. வருகிறவர்களைக் காலை வைத்தே கண்டுபிடித்துவிடுவார். "செருப்பு புதுசு போல, மாஸ்டர்!" என்பார். ஆள் சிரித்துக்கொண்டே இரண்டு முழம் கூடுதலாக வாங்கிப் போகும். மல்லாந்து படுக்க முடியாமல், நெஞ்சு நசுங்கி மூச்சு வாங்க, அவர் பட்ட பாடு ஸைனபுக்கு மட்டும்தான் தெரியும்.

அவள்தான் அவரை நச்சரித்து, ஸ்பிரிங்வெளிப் பக்கம் மலையில் இருந்த மிஷன் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். அங்கே டொக்டர் சிவசுப்பிரமணியம், யாழ்ப்பாணத்து மனுசன். சின்னப் பிள்ளைகளின் முதுகை நிமிர்த்த உலகத்தில் ஆள் இருக்கிறது, எலும்பு முற்றின பெரியவர்களைத்தான் எல்லோரும் கைவிட்டுவிட்டார்கள் என்று அந்த ஒரு வேலையிலேயே தலையைக் கொடுத்திருந்தார். ஆளுக்கொரு கொப்பி வைத்து, தின்றது, தூங்கியது, நொந்தது எல்லாவற்றையும் எழுதுவார். புஹாரி அவருக்கு ஐந்தாவது ஆள். "இது உங்களுக்கு மட்டுமில்லை, இனி வாற ஆக்களுக்கும்தான்" என்று சொல்லியே கத்தியை எடுத்தார்.

கண் விழித்த புஹாரி முதலில் முகட்டைப் பார்த்தார். பிறகு ஸைனபின் முகத்தைப் பார்த்தார்.

"நீ எப்ப கெழவியான?" என்றார்.

அவள் அழுதுகொண்டே சிரித்தாள். இருபது வருடத்தில் அவ்வளவு சந்தோஷமாக அவள் இருந்ததில்லை.

ஆறாம் நாள் இடது கெண்டைக்கால் நோகுது என்றார். டொக்டரிடம் சொல்லட்டுமா என்று கேட்டாள். "வேணாம், அதுக்கும் ரெண்டு பக்கம் எழுதுவார்" என்றார். ஸைனப் எண்ணெய் போட்டு உருவிவிட்டாள். உருவினால் சுகமாக இருக்கிறது என்றார். அவளும் நேரம் கிடைத்தபோதெல்லாம் உருவினாள்.

பக்கத்துக் கட்டிலில் ஸ்பிரிங்வெளித் தோட்டத்துக் கந்தப்பன். அவருக்கும் அதே கூன். திங்கட்கிழமை அவருடைய முறை. அவர் மனைவி பெரியாயி, ஸைனபின் கையையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

"ஒங்க கையில நல்ல பக்குவம் இருக்கும்மா. எங்க ஆளுக்கும் இப்படித்தான் உருவிவிடப் போறேன்."

"கீழருந்து மேல உருவுங்க, நல்லா அமத்தி" என்று ஸைனப் சொல்லிக்கொடுத்தாள்.

ஒன்பதாம் நாள், வியாழக்கிழமை காலை, அவள் உருவிக்கொண்டிருக்கும்போதே புஹாரி நெஞ்சைப் பிடித்தார். தாதி ஓடி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. டொக்டர் அன்றைக்குப் பார்த்துக் கொழும்புக்குப் போயிருந்தார்.

வெள்ளைக் கபன் துணி கட்டி முடித்து, முகத்தை மட்டும் திறந்து வைத்திருந்த நேரம் வாசலில் கார் வந்து நின்றது. ஸைனப் வெள்ளை உடுத்து, இத்தாவுக்கு உள்ளறையில் உட்கார்ந்துவிட்டிருந்தாள். இனி நாலு மாதம் பத்து நாள் வீட்டை விட்டு வெளியே போகக் கூடாது, அந்நிய ஆண் முகம் பார்க்கவும் கூடாது. பக்கத்தில் புஹாரியின் அக்கா லரீபா. ஆபரேஷன் வேண்டாம் என்று காலில் விழாத குறையாகச் சொன்னவள் அவள்தான். திரைக்கு அந்தப் பக்கம் டொக்டரின் குரல் கேட்டது. சவரம் செய்யாத முகமும், கையில் கொப்பியுமாக அவர் நிற்பது திரை இடுக்கில் தெரிந்தது.

"ஒருக்கால் காலை மட்டும் பாக்கலாமோ?"

"கபன் கட்டியாச்சு டொக்டர். இனி ஏலாது" என்றான் ஹுமைத்.

"சரி. அவவிட்ட ஒண்டு கேக்க விடுங்கோ." அவர் திரைப் பக்கம் திரும்பினார். "அம்மா, அவர் கால் நோகுது எண்டு எப்பவாவது சொன்னவரோ?"

சொல்ல வாயைத் திறந்தாள். அதற்குள் அவரே தொடர்ந்தார்.

"படுத்த படுக்கையா இருக்கிறவைக்கு கெண்டைக்காலுக்குள்ள ரத்தம் கட்டும். அதை உருவப்படாது. உருவினா கட்டி கழண்டு போய் நெஞ்சை அடைச்சுப் போடும். நாங்கள் முதலே சொல்லியிருக்க வேணும், சொல்லேல்லை. கால்தான் காரணம் எண்டு தெரிஞ்சா அடுத்தவரைக் காப்பாத்தலாம்."

ஸைனப் தன் இரண்டு கைகளையும் வெள்ளைத் துணிக்குள் இழுத்துக்கொண்டாள். லரீபா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நானே கொன்றேனே, என் கையாலேயே கொன்றேனே என்று ஸைனபுக்குள் ஒன்று கத்தியது. அது வெளியே வந்துவிடக் கூடாதென்ற பயம்தான் அப்போது எல்லாவற்றிலும் பெரிதாக இருந்தது.

"இல்ல" என்றாள்.

"வடிவா யோசிச்சுச் சொல்லுங்கோ அம்மா."

"இல்ல டொக்டர். கால் நல்லாத்தான் ஈந்திச்சு."

பேனா நகரும் சத்தம் கேட்டது. ஒரே ஒரு வரிதான் எழுதியிருப்பார்.

"அப்ப கால் இல்லை. இருதயம்தான்" என்று அவர் ஹுமைத்திடம் சொன்னது கேட்டது. "நல்லது. கந்தப்பனுக்கு இருதயம் திறம். திங்கட்கிழமை செய்யலாம்."

வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்கு நேரமாகிவிட்டது. மையத்தை வைத்த சந்தூக்கைத் தூக்கினார்கள். கலிமா சொல்லிக்கொண்டே போன ஆண்களின் குரல் சந்து திரும்பியதும் அடங்கியது. டொக்டர் படியில் நின்று பார்த்துவிட்டு, காரடிக்குப் போய்க் கதவைத் திறந்தார்.

ஸைனப் எழுந்தாள். திரைவரை வந்து அதன் ஓரத்தைப் பிடித்தாள். இந்த வாசலில் இருந்து கூப்பிட்டால் அவருக்குக் கேட்கும். ஒரு பையனை அனுப்பினாலும் போதும்.

"என்ன மதினி? என்ன வேணும்?" என்றாள் லரீபா.

"தண்ணி."

லரீபா கொண்டுவந்து கொடுத்தாள். கார் கிளம்பிப் பாலத்தைத் தாண்டி, ஸ்பிரிங்வெளி ஏற்றத்தில் கியர் மாற்றும் சத்தம் வந்தது. ஸைனப் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்து, கடைசிச் சொட்டுவரை குடித்தாள்.

"இன்னங் கொஞ்சம் கொண்டாரட்டா?"

ஸைனப் வேண்டுமென்று தலையாட்டினாள்.