பகல் மூன்று மணிக்கு மூடும் கடை

"பாவி மனுஷா! இதை வெக்க வேற இடமே கெடைக்கலையா?"

காலை ஆறேமுக்காலுக்கு, கல்பாக்கம் அணுமின் நிலையக் குடியிருப்பின் இரண்டாம் மாடி பால்கனியில் நின்று பிரதீபா கத்தினாள். திட்டு வாங்க வேண்டிய ஆள் அங்கே இல்லை. அவள் புருஷன் ராகவன் ஐந்தரை மணி ஸ்டாஃப் பஸ்ஸில் ஏறி ஷிஃப்டுக்குப் போய்விட்டான். அவன் விட்டுப்போனது மூலையில் கிடந்த இரும்பு டூல் பெட்டி ஒன்று. அதில் ஒரு பித்தளைப் பூட்டு. பூட்டில் கயிறு கட்டித் தொங்கியது ஒரு சிவப்பு அட்டை. அதில் அச்சடித்த மாதிரி அவன் கையெழுத்து.

'அபாயம். இயக்காதீர். காரணம்: பேட்டரி வீக்கம். மாட்டியவர்: ராகவன்.'

தேதியும் நேரமும்கூடப் போட்டிருந்தான். காலை ஐந்து பத்து. வேலை செய்யும் இடத்துப் பழக்கத்தை வீட்டுக்குள்ளும் கொண்டுவந்துவிடுவான். மிக்ஸி கெட்டுப்போனாலும் அட்டை, இஸ்திரிப் பெட்டியில் பொறி பறந்தாலும் அட்டை. இத்தனை நாளும் அவள் அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு போயிருக்கிறாள். இன்று சிரிப்பு வரவில்லை. பெட்டிக்குள் பூட்டப்பட்டிருந்தது அவளுடைய கேம் கன்சோல்.

இரண்டு கைக்குள் அடங்குகிற சின்னக் கன்சோல் அது. வந்து பதிமூன்று வருஷம் ஆன மாடல். செய்த கம்பெனி எப்போதோ அதைக் கைவிட்டுவிட்டது. அதற்கென்று இணையத்தில் ஒரு கடை மட்டும் இன்னும் திறந்திருந்தது. அதையும் இன்று பகல் மூன்று மணிக்கு மூடப்போவதாக அறிவித்துவிட்டார்கள். மூடிய பிறகு புதிதாக வாங்கவும் முடியாது, முன்பே வாங்கியதை இறக்கிக்கொள்ளவும் முடியாது.

ஆயிரக்கணக்கான ஆட்டங்கள் இருந்த அந்தக் கடையில் பிரதீபாவுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. 'அலைக்கு முன்.' கரையோரத்தில் ஒரு நண்டு, அடுத்த அலை வருவதற்குள் வளைக்குப் போய்ச் சேர வேண்டும். அவ்வளவுதான் ஆட்டம். ஆனால் அந்த நண்டு ஓடுகிற நாற்பத்தொரு காட்சிகளையும் வரைந்தவள் பிரதீபா. கல்யாணத்துக்கு முன் நாவலூரில் ஆறே பேர் வேலை பார்த்த ஒரு சின்னக் கம்பெனியில், மூன்று வருஷம் உட்கார்ந்து வரைந்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் கடற்கரை ஊர்களுக்கு பஸ் ஏறிப் போய், வெயிலில் முதுகு தோலுரிய உட்கார்ந்து பார்த்து வந்து வரைந்தாள். ஆட்டம் வெளிவந்த அன்று முதல் பிரதியைத் தன் பெயரில் தானே வாங்கினாள். இரண்டு வருஷத்தில் கம்பெனி மூடப்பட்டது. கம்ப்யூட்டர்கள் எல்லாம் மொத்தமாக ஏலத்தில் போயின. நாற்பத்தொரு காட்சிகளும் அதோடு போயின. இப்போது உலகத்தில் அவை இருப்பது மூன்று மணிக்கு மூடப்போகிற அந்த ஒரு கடையில்தான்.

அவளிடமிருந்த கன்சோல் எப்போதோ பழுதாகிப் போய்விட்டது. கடையை மூடும் செய்தி தெரிந்ததிலிருந்து அலைந்து, மாமல்லபுரத்தில் செல்போன் பழுது பார்க்கும் ஜோஷ்வாவிடம் பழசு ஒன்றை நேற்றுச் சாயங்காலம்தான் வாங்கினாள். மறந்துபோன பாஸ்வேர்டை மீட்டு, இறக்க ஆரம்பித்தால் ஆமை வேகம். கடைசி நாளென்று உலகமே அந்தக் கடையை மொய்த்துக்கொண்டிருந்தது போல. அறுபத்திரண்டு சதவீதத்தில் சார்ஜரோடு தலைமாட்டில் வைத்துவிட்டுப் படுத்தாள்.

எழுந்து பார்த்தால் தலைமாட்டில் சார்ஜர் வயர் மட்டும் இருந்தது.

வீட்டில் இருந்த சாவிகளை எல்லாம் போட்டுப் பார்த்தாள். பூட்டின் சாவி ராகவன் பாக்கெட்டில். அவன் போன் பிளாண்ட் வாசல் லாக்கரில்; உள்ளே கொண்டுபோக விடமாட்டார்கள். அவசரத்துக்கென்று கொடுத்திருந்த லேண்ட்லைனுக்கு அடித்தாள்.

"சொல்லுங்க மேடம், வீட்ல யாருக்காவது உடம்பு சரியில்லையா?" என்றது ஒரு பதறிய குரல்.

இல்லை, ஒரு கேம் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. "ஒண்ணுமில்ல சார்" என்று வைத்துவிட்டாள். வைத்த பிறகு தன்மேலேயே ஆத்திரம் பொங்கியது. ஏன் சொல்லவில்லை? இவனுக்கு ஒரு வால்வு ஒழுகினால் அவசரம், எனக்கு மூன்று வருஷம் ஒழுகிப்போனால் அவசரமில்லையா?

சுத்தியலால் பூட்டை அடித்தாள். கட்டைவிரல் நசுங்கியது, பூட்டு அசையவில்லை. பக்கத்து வீடுகளில் ஆம்பிளைகள் எல்லாரும் ஷிஃப்டில். கீழ்வீட்டுத் தமிழ்வாணனுக்கு இன்று லீவு. ஆனால் வீடு பூட்டியிருந்தது. மதுராந்தகம் போயிருந்தவன் பதினோரு மணிக்குத்தான் பைக்கில் வந்து இறங்கினான். ராகவனுக்குக் கீழே வேலை பார்க்கும் டெக்னீஷியன், கடப்பாக்கத்துக்காரன்.

"இன்னாக்கா, சுத்தியலும் கையுமா நிக்கிறீங்க? சாரு இன்னா தப்பு பண்ணாரு?"

"சிரிக்காதீங்க தமிழ். மேல வந்து ஒரு பூட்டை உடைச்சுக் குடுங்க."

உற்சாகமாக மேலே ஏறி வந்தவன் சிவப்பு அட்டையைப் பார்த்ததும் கோயில் உண்டியலை உடைக்கச் சொன்ன மாதிரி கையைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

"அக்கா, இது டேகு."

"தெரியுது."

"சாரோட டேகு. மாட்னவருதான் எடுக்கணும். எம்மாம் பெரிய ஆபீசர் வந்தாலும் கை வெக்க மாட்டாரு. அவனவன் டேக்கை நம்பித்தான் மிஷினுக்குள்ள கைய வுட்டு வேல செஞ்சிகினு இருப்பான். வேற ஒருத்தன் எடுத்து சுச்ச போட்டா, ஆளு காலி."

"இந்தப் பெட்டிக்குள்ள எவனும் கையை விட்டுக்கிட்டு இல்ல!"

"இருந்தாலும் டேகு டேகுதான்க்கா."

பிரதீபா வெடித்தாள். மூன்று மணிக் கணக்கையும், மூன்று வருஷக் கணக்கையும், நாற்பத்தொரு காட்சியையும் மூச்சுவிடாமல் கொட்டினாள். செல்போனில் எப்போதோ எடுத்து வைத்திருந்த, ஆட்டத்துக் காட்சி ஒன்றின் மங்கலான படத்தை அவன் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"தோ பார்றா!" என்றான் தமிழ்வாணன். "எங்க ஊரு ஆலம்பரைக் கோட்ட! அந்த இடிஞ்ச செவுரு அப்டியே கீது. ஆனாக்கா, அந்தப் பக்கம் படகு நிக்காது."

"நான் பார்த்த அன்னிக்கு நின்னுச்சு!"

"சரி, சரி. நின்னுச்சு." அவன் அட்டையின் பக்கம் குனிந்தான். தொடாமல் கழுத்தை மட்டும் வளைத்துப் படித்தான். அப்புறம் நெற்றியைச் சுருக்கினான். "அக்கா, சாரு உங்ககிட்ட கையெழுத்து வாங்கினாரா?"

"எதுக்கு?"

"டேக் மாட்றதுக்கு மின்னாடி, அந்த மிஷின ஓட்றவங்களுக்குச் சொல்லணும். இன்னா வேல, எப்ப முடியும்னு சொல்லி, கையெழுத்து வாங்கிகினுதான் மாட்டணும். இதோ, கீழ கட்டம் போட்டுருக்குது பாருங்க. எங்களுக்கு கிளாஸ் எடுத்ததே சாருதான். இந்த மிஷின ஓட்றது யாரு?"

"நான்."

"உங்க கட்டம் காலியா கீது." தமிழ்வாணன் நிமிர்ந்தான். "அப்ப இது டேகே இல்லக்கா. வெறும் அட்ட."

அதுவரை நேரம் போகிறதே என்ற ஆத்திரம்தான் பிரதீபாவுக்கு. இப்போது அந்த வெற்றுக் கட்டத்தைப் பார்த்ததும் வேறு ஒன்று மூண்டது. பேர் தெரியாத ஆபரேட்டர் எவனிடமும் பணிவாகப் போய்க் கையெழுத்துக் கேட்கிற மனுஷன். எட்டு வருஷம் ஒரே தலையணையில் படுத்தவளைத் தட்டி எழுப்பி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

தமிழ்வாணன் ஹேக்ஸா பிளேடு கொண்டுவந்து பூட்டை அறுத்தான். உள்ளே, தீப்பிடித்தாலும் பரவாதபடி மணலைப் பரப்பி, அதன்மேல் பிளாஸ்டிக் பையில் சுற்றிக் கன்சோலை வைத்திருந்தான் ராகவன். அதன் முதுகு இட்லி மாதிரி உப்பியிருந்தது.

"பேட்டரி நெசமாவே வீங்கிகினுதான் கீது. சாரு சொன்னதும் தப்பில்லக்கா. சார்ஜ் மட்டும் போட்றாதீங்க."

"உங்க சாருக்கு வக்காலத்து வாங்காதீங்க" என்று சொல்லிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினாள்.

பஸ் பிடித்து மாமல்லபுரம் போய்ச் சேர்ந்தபோது மணி பன்னிரண்டரை. ஜோஷ்வா கடையில் வெள்ளைக்காரர் ஒருவரின் போனைப் பிரித்துப் போட்டிருந்தான்.

"மேடம், நான் குடுக்கும்போது நல்லா இருந்துச்சே?"

"குடுத்தது நேத்து சாயங்காலம் ஜோஷ்வா. ராத்திரிக்குள்ள பெருத்திருக்கு. இந்த நிமிஷம் வேற பேட்டரி போடலைன்னா கடை வாசல்லயே உக்காந்து, வர்றவன் போறவன்கிட்ட எல்லாம் சொல்லுவேன்."

அவள் முகத்தைப் பார்த்த ஜோஷ்வா வெள்ளைக்காரரிடம் 'டென் மினிட்ஸ்' என்று கையைக் காட்டினான். பத்து நிமிஷம் என்றது ஒன்றேகால் மணி நேரம் ஆனது. செத்துப்போன இன்னொரு கன்சோலைத் தேடியெடுத்து, அதில் உருப்படியாக இருந்த பேட்டரியைக் கழற்றி, இதில் பொருத்தி, ஒன்றே முக்காலுக்குத் திரையில் வெளிச்சம் வந்தது. தன் கடை வைஃபையில் கோர்த்தான். விட்ட இடத்திலிருந்தே தொடங்கியது. அறுபத்திரண்டு. வெகுநேரம் கழித்து அறுபத்துமூன்று.

திரையின் மேலே கன்சோல் கம்பெனி ஒரு வாசகம் போட்டிருந்தது. இத்தனை வருஷம் எங்களோடு விளையாடியதற்கு நன்றி.

"ஆடினவங்களுக்கு நன்றியாம். வரைஞ்சவங்க எல்லாம் செத்தா போயிட்டோம்?" என்றாள் பிரதீபா. ஜோஷ்வா தலையைத் தூக்கவே இல்லை.

இரண்டு நாற்பதுக்குப் போன் அடித்தது. ராகவன். ஷிஃப்ட் முடிந்து வீட்டுக்கு வந்திருந்தான். எண்பத்தொன்பது ஓடிக்கொண்டிருந்தது.

"பிரதீ, பூட்டு அறுந்து கெடக்கு. டேக்கை யாரு எடுத்தது?"

எங்கே இருக்கிறாய், சாப்பிட்டாயா என்ற பேச்சே இல்லை. முதல் கேள்வியே டேக்.

"நான்தான் எடுத்தேன்."

"பைத்தியமா உனக்கு? அது சூடேறி உன் தலைமாட்டுல கெடந்துச்சு. வெடிச்சிருந்தா முகம் போயிருக்கும். ஒரு கேமுக்காகவா..."

"நீ எழுப்பியிருக்கலாம்."

எட்டு வருஷத்தில் முதல் தடவையாக அவள் வாயில் 'நீ' வந்தது. அவனும் அதைக் கேட்டான்.

"ரொம்ப நேரம் முழிச்சிருந்த. தூங்கட்டும்னுதான்..."

"என் தூக்கத்துக்கு உன்னை யாரு காவல் வெச்சது? இன்னிக்கு மூணு மணியோட முடியுதுன்னு நேத்து நாலு தடவை சொன்னேன். காதுல விழுந்துச்சா? டேக் மாட்டுறதுக்கு முன்னாடி மிஷினை ஓட்டுறவங்ககிட்ட கையெழுத்து வாங்கணுமாமே, ஊருக்கெல்லாம் கிளாஸ் எடுக்கிறியாமே. போய் அந்த அட்டையை எடுத்துப் பாரு. என் கட்டம் காலியா இருக்கு."

அவள் துண்டித்துவிட்டாள்.

தொண்ணூற்று மூன்றில் நின்றது. ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம், நின்றே இருந்தது. ஜோஷ்வா எழுந்துபோய், கடையில் இணைப்பில் இருந்த மற்ற எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டான். வெள்ளைக்காரர் ஏதோ கேட்டார்; பிரதீபா திரும்பிப் பார்த்த பார்வையில் அடங்கிப்போனார். தொண்ணூற்று நாலு. தொண்ணூற்று ஏழு. இரண்டு ஐம்பத்தேழுக்குக் கோடு நிறைந்தது. நண்டின் படம் திரையில் வந்து உட்கார்ந்தது.

திறந்தாள். அலைச் சத்தம் வந்தது. கறுப்புத் திரையில் ஆறு பெயர்கள் ஒவ்வொன்றாக வந்து போயின. நாலாவது அவளுடையது. 'ஓவியம்: பிரதீபா.' அவள் அழவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தாள்.

மூன்று மணிக்கு இணையக் கடையின் பக்கத்தைத் திறந்து பார்த்தாள். இணைக்க முடியவில்லை என்று வந்தது. அவ்வளவுதான். ஆயிரக்கணக்கானவர்கள் உட்கார்ந்து செய்ததை ஒரே வரியில் முடித்துவிட்டார்கள்.

மூன்று ஐந்துக்கு வாசலில் பைக் வந்து நின்றது. நேற்று அவள் சொன்ன கடையைத் தேடி, ராகவன் யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் ஓட்டி வந்திருந்தான். முகமெல்லாம் வேர்வை.

"வந்துருச்சா?"

"வந்துருச்சு. உன்னால இல்ல."

"தெரியும்." அவன் ஹெல்மெட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றான். "பேட்டரியை எடுத்து வெச்சது சரிதான் பிரதீ. அதுக்கு மன்னிப்புக் கேக்க மாட்டேன். உன்னைக் கேக்காம வெச்சது தப்பு. பெரிய தப்பு."

பொய்யாகக் கெஞ்சியிருந்தால் அவள் அங்கேயே குதறியிருப்பாள். இப்படி அளந்து சொன்னதில் எங்கே கடிப்பதென்று தெரியாமல் கோபம் இன்னும் ஏறியது.

"இதுக்குள்ள என்ன இருக்குன்னு தெரியுமா?"

"நண்டு ஓடும்."

"எங்க ஓடும்?"

எட்டு வருஷத்தில் அவன் கேட்டதுமில்லை, அவள் காட்டக் கிடைத்ததுமில்லை.

"உக்காருங்க" என்றாள். ஜோஷ்வாவின் ஸ்டூலை இழுத்துப் போட்டு, கன்சோலை அவன் கையில் திணித்தாள். "ஆடுங்க. நாப்பத்தொண்ணையும் பாக்காம இங்கிருந்து எந்திரிக்கக் கூடாது."

"இப்பவா? இங்கயா?"

"இங்கதான்."

"மேடம், நான் சாப்பாட்டுக்குக் கடையைச் சாத்தணும்" என்றான் ஜோஷ்வா மெதுவாக.

"போய்ச் சாப்பிட்டு வாங்க. நாங்க பாத்துக்கிறோம்."

கோடிக்கணக்கில் விலைபோகும் கருவிகளைக் கையாளும் விரல்கள் ஒரு நண்டை நேராக ஓட்டத் தெரியாமல் தடுமாறின. முதல் அலையிலேயே நண்டு போய்விட்டது. இரண்டாவது தடவை நாலடி கூடுதலாக ஓடிச் செத்தது. அவன் தொட்டுத்தொட்டு, நின்றுநின்று, முன்னால் இருப்பதை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு போனான்.

"இந்த வலை காயுறது... இது நம்ம சதுரங்கப்பட்டினம் கரையா?"

அவள் தாடையால் திரையைக் காட்டினாள்.

"வலைக்கு அடியில ஒரு நாய் படுத்திருக்கு" என்றான். "எவ்ளோ சின்னதா! காதுகூட வரைஞ்சிருக்க." வாய்விட்டுச் சிரித்தான். அந்த இடைவெளியில் அலை வந்து நண்டை அள்ளிக்கொண்டு போனது.

எந்தப் பாறைக்குப் பின்னால் ஒதுங்கினால் அலை தொடாது என்று அவளுக்குத் தெரியும். ராகவன் அண்ணாந்து அவள் முகத்தைப் பார்த்தான். ஒரு சாடை காட்டினால் போதும். அவள் கைகளைக் கட்டிக்கொண்டாள்.

"திரும்ப முதல்லேருந்து" என்றாள்.