பேர் வைக்காத மெட்டு

“நீ பாட்டுக்கு ஊதிக்கிட்டே போற எஃபி. ஆடுறவன் காலை எங்க வைப்பான்?” என்றான் என் புருஷன் லாக்லன். அடுப்பில் உருளைக்கிழங்கு வெந்துகொண்டிருந்தது. தகரக் குழலை உதறி எச்சிலைத் துடைத்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தேன்.

ஐம்பது தாண்டியவளுக்கு எதற்கு இந்த ஆசை என்று ஊரில் கேட்டார்கள். சனிக்கிழமையானால் லாக்லன் பிடிலைத் தூக்கிக்கொண்டு ஏதாவதொரு மண்டபத்துக்கு நடனத்துக்கு வாசிக்கப் போய்விடுவான். நான் நாயோடு வீட்டில். ஒருநாளாவது அவன் பக்கத்தில் உட்கார வேண்டும், அவ்வளவுதான். சொன்னால் சிரிப்பார்கள்.

அந்தக் குளிர்காலம் அவன் புதிதாக ஒரு ரீல் கட்டினான், ஜோடிகள் சுற்றி ஆடுவதற்கான துள்ளல் மெட்டு. தாளில் எழுதுகிற பழக்கமில்லை. ஒரு வரி வாசிப்பான், நான் ஊதுவேன், பிசகினால் திட்டுவான். இரண்டாம் பாதியில் மெட்டு மேலே ஏறி, இறங்க மனமில்லாமல் அங்கேயே சுற்றும். அந்த இடத்தை மட்டும் அவன் கேட்காமலே இன்னொரு முறை ஊதுவேன். எங்கள் ஸ்காட்லாந்தில் மெட்டுக்குப் பெரும்பாலும் மனிதர் பேரைத்தான் வைப்பார்கள்.

“பேரு என்ன?”

“மேடையில சொல்றேன். உனக்கென்ன அவசரம்?” காது சிவக்கத் திரும்பிக்கொண்டான். கிழவனுக்கு வெட்கத்தைப் பார், என் பேராகத்தான் இருக்கும் என்று நானும் பூரித்துப்போனேன், மடச்சி.

துறைமுக மண்டபத்தில் நடனம். முதல்முறையாக மேடையில் அவன் பக்கத்தில் நான், நீலப் பாவாடையில். லாக்லன் மைக்கைப் பிடித்தான்.

“புது ரீல். நம்ம படகுத்துறையில டிக்கெட் கிழிக்கிறாங்களே, அவங்களுக்கு ஒரு மரியாதை. பேரு, ‘படகுத்துறை ரோனா’.”

கைதட்டல் கொஞ்சம் தாமதமாக வந்தது. கீழே முதல் ஜோடியாக நின்ற ரோனா முகத்தைப் பொத்திக்கொண்டாள். மற்றவர்கள் அவளைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்கள். மேடையில் அக்கார்டியன் வாசிக்கிற ஆர்ச்சி குனிந்து அதன் பொத்தான்களையே ஆராய்ந்தான். எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. எனக்கு மட்டும்தான் தெரியவில்லை. அவளுக்குக் கட்டிய மெட்டை எனக்கே வரிவரியாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறான், படுபாவி.

“ஆரம்பி எஃபி,” என்றான் என்னைப் பார்க்காமல்.

எழுந்து போயிருக்கலாம். ஆனால் ஆடுகிறவர்கள் வரிசை கட்டி நிற்கிறார்கள். கடைசி ஜோடி ஆடி முடிக்கும்வரை வாத்தியம் நிற்கக்கூடாது, அது எங்கள் ஊரில் எழுதாத சட்டம். ஊதினேன். ஒரு இடத்தில்கூடப் பிசகவில்லை. அது இன்னும் வயிற்றெரிச்சல்.

முடிந்ததும் காலைத் தரையில் தட்டி, “இன்னொரு தடவை! இன்னொரு தடவை!” என்று கத்தினார்கள். பிடித்துவிட்டால் அப்படித்தான் கேட்பார்கள், மறுக்கக் கூடாது. லாக்லன் நெற்றியைத் துடைத்துக்கொண்டு வில்லைத் தேடினான். நான் அவனுக்காகக் காத்திருக்கவில்லை. தனியாகத் தொடங்கினேன், முன்னைவிட வேகமாக.

“ஏய், மெதுவாடி! விழுந்துடுவாங்க!”

இன்னும் வேகம் கூட்டினேன். அவன் வில் கீச்சிட்டுப் பின்னால் ஓடிவந்தது. கீழே ரோனா முதலில் சிரித்தாள். பிறகு சிரிக்கவில்லை. கொண்டை அவிழ்ந்து முகத்தில் விழ, சுற்றில் அடுத்துக் கைகோக்க வேண்டிய ஆளுக்காகக் கையை நீட்டினாள். வேகத்தில் அந்த ஆள் அவளைத் தாண்டிப் போயிருந்தான். நீட்டிய கையோடு அவள் நடுமண்டபத்தில் தனியாகச் சுற்றினாள்.