பத்து மணி வெயில்

அஜீசுன்னிசா தரையில் உட்கார்ந்தால் தூக்கிவிட இரண்டு பேர் வேண்டும். வயது முப்பத்து நாலுதான். நாலாவது பிள்ளை பிறந்தபின் இடுப்பில் தொடங்கிய வலி முதுகுக்கும் தொடைக்கும் பரவி, மூன்றே வருஷத்தில் அவளைச் சுவரைப் பிடித்து நடக்கவைத்துவிட்டது. வாயு என்றார் ஒரு டாக்டர். பிள்ளை பெற்ற உடம்பு அப்படித்தான் என்றார் இன்னொருவர். அவர்கள் கொடுத்த மாத்திரைகளால் வயிறு புண்ணானதுதான் மிச்சம். ராயபுரத்துச் சந்து ஒன்றில், பகலிலும் விளக்கு கேட்கும் உள்ளறையில் பாய் போட்டு உட்கார்ந்து, நாளெல்லாம் கைலிகளுக்கு ஓரம் தைத்துக்கொண்டிருந்தாள்.

எழுபத்து நாலாம் வருஷம் தை மாதம் ஹில்டா வந்தாள். பெண்களின் எலும்பு வலியைப் பற்றி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த ஒரு லேடி டாக்டரிடம் நர்ஸ். பக்கத்துக் குப்பத்து மீன்பிடிக் குடும்பத்துப் பெண். வலி எங்கே என்று அவள் கேட்கவில்லை. கையை ஊன்றாமல் எழுந்திருக்கச் சொன்னாள். அஜீசுன்னிசாவால் அசையக்கூட முடியவில்லை. ஹில்டா பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துகொண்டாள்.

"கடைசியா உங்க மேல எப்போக்கா வெயில் பட்டுச்சு?"

அஜீசுன்னிசா யோசித்துப் பார்த்தாள். போன ரம்ஜானுக்கு நாத்தனார் வீட்டுக்குப் போனது திரை கட்டிய ரிக்‌ஷாவில். அதற்கு முன்னால்? நினைவில்லை. எந்த டாக்டரும் கேட்காத கேள்வி அது. முதலில் சிரிப்பு வந்தது. பிறகு, இந்தப் பெண் தெரிந்துதான் கேட்கிறாள் என்று பட்டது.

ரத்தமும் எக்ஸ்ரேயும் பார்த்தபின் ஹில்டா மறுபடி வந்து விளக்கினாள். வெயில் பட்டால்தான் தோலில் வைட்டமின் டி ஊறும். அது இல்லாவிட்டால் சாப்பாட்டிலுள்ள சுண்ணாம்புச் சத்து எலும்பில் சேராது. எலும்பு மிருதுவாகிவிடும், சதை தளர்ந்துவிடும். இது திரும்பச் சரியாகக் கூடியது. தினம் பத்து மணிக்கு மேல் அரை மணி நேரம் கை கால் முகத்தில் வெயில் படவேண்டும். கூடவே ஒரு கரண்டி சுறா ஈரல் எண்ணெய்.

எண்ணெயை மூன்று நாள் வாந்தியெடுத்தாள். நாலாம் நாள் மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுங்கினாள். வெயில்தான் சிக்கல். அது மொட்டைமாடியில் இருந்தது. நடுவே பதினாறு செங்குத்துப் படிகள்.

அவள் கணவன் லியாகத் அலி ஹார்பரில் மூட்டை தூக்குகிறவன். இரவு வேலை முடிந்து வந்தவன் அன்று படுக்கவில்லை. மாடியில் பழைய பெட்ஷீட்டுகளை நாலு பக்கமும் மறைப்பாகக் கட்டிவிட்டு இறங்கி வந்து, அவள் முன்னால் முதுகைக் காட்டிக் குனிந்தான். அக்கம்பக்கத்தார் பார்ப்பார்களே என்று அவள் கூசினாள்.

"நைட்டு பூரா கோதுமை மூட்டை தூக்கிகினு வரேன். உன்னிய தூக்குறதுக்கு இன்னா?" என்றான்.

நாள் தவறாமல் சுமந்தான். இரண்டாம் மாதம் ராத்திரி வலி விட்டது. மூன்றாம் மாதம் அவன் தோளைப் பிடித்தபடி தானே படியேறினாள். வைகாசியில் ஒருநாள், ஹில்டாவின் கண்ணெதிரே, கையை ஊன்றாமல் பாயிலிருந்து எழுந்து நின்றாள். ஹில்டா கையில் பேனா இருந்தும் எழுதவில்லை. இன்னொரு தரம் எழுந்து காட்டச் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் எழுதினாள்.

ஆனால் ஒருத்தி குணமானது ஆராய்ச்சிக்குப் போதாது. மற்ற வீடுகளில் ஹில்டாவுக்குக் கதவு சரியாகத் திறக்கவில்லை. வலி இருக்கிறது என்று சொல்லவே பெண்கள் வெட்கப்பட்டார்கள். அதைக் கேட்டதும் அஜீசுன்னிசா புர்காவை எடுத்து மாட்டிக்கொண்டு, வா சிஸ்டர் என்று முன்னால் நடந்தாள். ஒவ்வொரு வீட்டிலும் தரையில் உட்கார்ந்து, கையை ஊன்றாமல் எழுந்து காட்டினாள். முதலில் அடுத்த வீட்டு ரஹீமுன்னிசா பேர் கொடுத்தாள். ஆடி மாதத்துக்குள் பத்தொன்பது பேர் சேர்ந்தார்கள். மாடி இல்லாதவர்கள் அவள் மாடிக்கு வந்தார்கள். கைலிக் கட்டும் ஊசி நூலும் மேலே ஏறின.

மறு வருஷம் டாக்டரின் கட்டுரை அச்சாகி வந்தது. அதைக் கொண்டுவந்த ஹில்டா, யார் பேரும் போடமாட்டார்கள், நம்பர்தான் என்று சொல்லிவிட்டு, இங்கிலீஷில் இருந்த அட்டவணைகளைத் தமிழில் படித்துக் காட்டினாள். பத்தொன்பது பேரில் பதினேழு பேருக்கு எலும்பு தேறிவிட்டது. இதற்கு டாக்டரை ஊரெல்லாம் பாராட்டுகிறார்கள், பாராட்டில் பாதி உங்களுக்குத்தான் சேரணும் என்றாள்.

அஜீசுன்னிசா அந்தத் தாளைக் கையில் வாங்கி, புரியாத எழுத்துகளைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மீதி ரெண்டு பேரு யாரு?"

கட்டுரைதான் முடிந்துவிட்டதே என்றாள் ஹில்டா.

"அவங்களுக்கு வலி இன்னும் கீதே சிஸ்டர்."

ஹில்டா பையைத் திறந்து பழைய நோட்டை எடுத்தாள். இரண்டு வீடுகளும் கல்மண்டபத்துக்கு அந்தப் பக்கம். அஜீசுன்னிசா செருப்பை மாட்டிக்கொண்டு, தெரு முழுக்க வெயில் அடிக்கையிலேயே அவளோடு கிளம்பினாள்.