திரும்பும் இடத்தில் மறையும் புள்ளி

அன்று டிவியில் ஓடியது சமையல் நிகழ்ச்சி என்று எனக்கு நினைவு. அக்கா பாட்டுப் போட்டி என்கிறாள். என் நினைவை நம்பி நான் சத்தியம் செய்ய மாட்டேன். அவள் வீட்டில் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நாங்கள் அதே டிவி அலையைக் கொண்டு அவள் கணவரைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

நாங்கள் சோதித்துக்கொண்டிருந்த ரேடார் தானாக எந்த அலையையும் அனுப்பாது. டிவி கோபுரம் ஊருக்கெல்லாம் அனுப்புவதே அதற்குப் போதும். ஒரு ஆண்டெனா கோபுரத்தைப் பார்த்திருக்கும், இன்னொன்று கடலைப் பார்த்திருக்கும். விமானத்தில் பட்டுத் தாமதமாக வரும் அலையை நேராக வந்ததோடு ஒப்பிட்டால் திரையில் ஒரு புள்ளி விழும். மலை, கட்டடம் என்று அசையாமல் நிற்பவற்றை முதலிலேயே கழித்துவிடுவோம். இல்லாவிட்டால் திரை முழுக்க அவைதான்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. விலகிப் போகும் விமானம் திரும்பும்போது, நடுவில் ஓரிடத்தில் விலகுவதும் இல்லை, நெருங்குவதும் இல்லை. கணக்கு அதையும் மலை என்று எண்ணிக் கழித்துவிடும். சோதனைக்கு ஒரு சின்ன விமானத்தை வாடகைக்கு எடுத்திருந்தோம். ஓட்டியவர் அத்தான். ஒவ்வொரு திருப்பத்திலும் காணாமல் போவார், மறுபடி வருவார்.

"உங்க அத்தான் திரும்பவும் மலையாயிட்டார்டா," என்பான் கம்பம். என்னோடு வேலை பார்த்தவன்; அவன் உயரத்துக்கு நாங்கள் வைத்த பெயர் அது.

கடலுக்கு அந்தப் பக்கம், அந்த விமானத்தை வாடகைக்குத் தந்த தளத்திலேயே அத்தானுக்கு வேலை கிடைத்திருந்தது. அக்கா வர மறுத்தாள். "போனா அப்படியே போயிடுங்க, இந்தப் பக்கம் தலை வெச்சுப் படுக்காதீங்க," என்று முந்தின நாள் கத்தியிருக்கிறாள். அத்தான் அன்று துணிமணி அடைத்த பையோடுதான் விமானம் ஏறினார்.

கடைசிச் சுற்று முடிந்ததும் வயர்லெஸ்ஸில் கூப்பிட்டார். "உங்க விளையாட்டு முடிஞ்சுதா மச்சான்?"

"முடிஞ்சுது அத்தான். எங்க இறங்கப் போறீங்க? இங்கயா, அங்கயா?"

"பார்க்கலாம்."

புள்ளி எங்களை விட்டு விலகிக்கொண்டே போனது. பிறகு வேகம் குறைந்து, மங்கி, மறைந்தது.

"மலை," என்றான் கம்பம். டீ ஊற்றினான். வழக்கம்போல மறுபடி திரையில் தெரிவார் என்று காத்திருந்தோம். டீ ஆறிப்போன பிறகுதான் வயர்லெஸ்ஸை எடுத்தேன். பதில் இல்லை.

கடலில் அவரைத் தேடுவது ஓய்ந்த பிறகு அக்கா எங்கள் அறைக்கு வந்தாள். திரைக்கு முன்னால் உட்கார்ந்தாள்.

"திரும்பினாரா இல்லையா? அதை மட்டும் சொல்லு. நீ படிச்ச படிப்பு அதுக்காவது உதவட்டும்."

கம்பம் என்னை வெளியே இழுத்தான். "திரும்பிட்டார்னு சொல்லித் தொலையேன்டா. உன் வாயிலேருந்து முத்தா உதிர்ந்துடும்?"

என்னால் முடியவில்லை. ரேடாரின் அன்றைய பதிவை எதையும் கழிக்காமல் ஓட்டிப் பார்த்தேன். திரை முழுக்க மலையும் கட்டடமும். அதற்குள் எங்கோ அவரும்.

"திரும்பினாலும் புள்ளி இப்படித்தான் மறையும், அக்கா. நேரா கீழ விழுந்தாலும் இப்படித்தான் மறையும். அந்த இடத்துல அவர் போகவும் இல்ல, வரவும் இல்ல. அவ்வளவுதான் இதுக்குத் தெரியும்."

அவள் திரையையே பார்த்தாள். பிறகு சிரித்தாள். "கல்யாணமான நாள்லேருந்து அந்த மனுஷன்கிட்ட ஒரு பதிலைக்கூட நேரா வாங்கினதில்ல." சிரிப்பு பாதியிலேயே உடைந்தது. கம்பம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்: "நான் பார்த்துட்டிருந்த அதே டிவி அலையா அவர் மேலயும் பட்டுச்சு?"

"அதேதான்."

"சத்தத்தைக் கூட்டி வெச்சிருந்தேன். அவர் ஞாபகம் வரக் கூடாதுன்னு."

நான் திரையை அணைத்தேன்.

விமானத்தின் இறக்கைத் துண்டு ஒன்று கரை ஒதுங்கியது. அத்தான் கிடைக்கவில்லை. ரேடார் சோதனையில் தேறி, வேறொரு துறைமுகத்தில் வேலை செய்கிறது. பதிவுகளை அழித்துவிட்டு டிஸ்க்குகளை வேறு வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். அந்த டிவி அலையும் அதில்தான் பதிவாகியிருந்தது; அன்று என்ன நிகழ்ச்சி ஓடியது என்பதும் அதோடு போயிற்று. கம்பம் ஒரு செல்போன் கம்பெனியில் சேர்ந்துவிட்டான். நான் அந்த அறையிலேயே இருக்கிறேன். அக்கா அந்த வீட்டிலேயே இருக்கிறாள். டிவியை விற்கவில்லை, போடுவதும் இல்லை.